'போட்டோ மாதிரியே இருக்கு' என்பது பாராட்டு அல்ல

ஓவியத்தைப் பற்றிச் சொல்வதற்கு நம்மிடம் மொத்தமாக நான்கு வாக்கியங்கள்தான் இருக்கின்றன. "சூப்பர் ப்ரோ." "வேற லெவல்." "வரைய எத்தனை மணி நேரம் ஆச்சு?" நான்காவது, எல்லாவற்றுக்கும் மேலான பட்டம்: "அச்சு அசல் போட்டோ மாதிரியே இருக்கு!"

வேலை முடிந்து, சாப்பிட்டு, ராத்திரி பதினோரு மணிக்கு மேல் உட்கார்ந்து ஒருவர் தன் பாட்டியின் முகத்தை வரைகிறார். ஒரு வாரம் போராடி முடித்து, "தப்பு இருந்தா தயங்காம சொல்லுங்க" என்று எழுதிப் படத்தைப் போடுகிறார். அறுபது இதயக்குறிகள் விழுகின்றன, பத்து நெருப்புக்குறிகள், நான்கு 'சூப்பர்'. பாட்டியின் இடது கண் வலது கண்ணைவிடக் கீழே இறங்கியிருக்கிறது. அதை ஒருத்தரும் சொல்லவில்லை. அவர் கேட்டது கருத்து, கிடைத்தது மொய்.

ஆமாம், மொய்தான். நீ என் படத்துக்கு வைத்தாய், நான் உன் படத்துக்கு வைக்கிறேன். கல்யாண வீட்டில் நோட்டுப் போட்டு எழுதுகிறோம், இங்கே மனசுக்குள் எழுதிக்கொள்கிறோம். மொய் வைக்கிறவர் மாப்பிள்ளை எப்படிப்பட்டவர் என்று விசாரிப்பதில்லை. கவரைக் கொடுத்தால் கடமை முடிந்தது. இதை நாம் அன்பு, ஊக்கம், ஆதரவு என்று அழகான பெயர்களில் அழைத்துக்கொள்கிறோம். எனக்கு இது சோம்பேறித்தனமாகத்தான் தெரிகிறது. ஒருவர் ஒரு வாரம் பார்த்து வரைந்ததை ஒரு நிமிஷம்கூடப் பார்க்க மறுக்கிற சோம்பேறித்தனம்.

இதில் எனக்கு அதிகக் கோபம் இலக்கிய வாசகர்கள் மேல்தான். ஒரு சிறுகதையின் கடைசிப் பத்தி தேவையா இல்லையா என்று மூன்று நாள் சண்டை போடுகிறவர்கள் நாம். கவிதையில் ஒரு சொல் கூடுதலாக இருந்தால் மூக்கு வியர்க்கும். ஆனால் அதே பக்கத்தில் ஒரு கோட்டோவியம் இருந்தால் "அருமை" என்று தாண்டிப் போய்விடுவோம். கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'யைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவோம். அதற்கு ஆதிமூலம் போட்ட கோடுகளைப் பற்றி நாலு வரி பேசச் சொன்னால் திணறுவோம். இத்தனைக்கும் சென்னை ஓவியப் பள்ளி தொடங்கியது 1850இல். கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று உருவாக்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம் 1966இலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது. மகாபலிபுரம் போகிற வழியில் எத்தனை தடவை அதைத் தாண்டிப் போயிருப்போம்? ஆதிமூலத்தின் மனிதர்கள் போட்டோ மாதிரி இல்லை. ஆனாலும் அந்த வெயிலும் புழுதியும் கிழவர்களின் எலும்பும் அந்தக் கோட்டில் இருந்தன. நம் அளவுகோலை வைத்துப் பார்த்தால் அவருக்கு நாலு லைக்தான் விழும்.

அந்த அளவுகோலுக்கே வருவோம். 'போட்டோ மாதிரி' என்று சொல்லும்போது என்ன சொல்கிறோம் என்று யோசித்திருக்கிறோமா? பெரும்பாலும் அந்தப் படம் ஒரு போட்டோவைப் பார்த்து வரைந்ததுதான். போட்டோவைப் பார்த்து வரைந்தது போட்டோ மாதிரி இருப்பதில் என்ன அதிசயம்? அதைவிட முக்கியமானது, போட்டோவுக்கும் தப்புகள் உண்டு. கை நீட்டி எடுக்கிற செல்ஃபியில் மூக்கு பெருத்தும் காதுகள் சிறுத்துப் பின்னால் போயும் தெரியும், கேமரா முகத்துக்கு அவ்வளவு பக்கத்தில் இருப்பதால். இப்போதைய போன்கள் நிழலைத் தாமாகவே வெளிச்சமாக்கிவிடுகின்றன. கன்னத்துக் குழியில் இருந்த இருட்டு படத்தில் வருவதில்லை. இதைப் பார்த்து வரைகிறவர் மூக்கையும் பெரிதாக வரைகிறார், குழியையும் நிரப்பிவிடுகிறார். பாட்டியை அவர் பார்க்கவே இல்லை. போன் பார்த்த பாட்டியை அவர் பார்த்தார். அதற்கு நாம் கைதட்டுகிறோம்.

நான் தத்ரூபத்துக்கு எதிரி இல்லை. 2021இல் கொரோனாவில் இறந்துபோன ஓவியர் இளையராஜாவை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் படங்கள் கைமாறியதெல்லாம் "இது போட்டோவா, ஓவியமா?" என்ற ஒரே கேள்வியோடுதான். பழைய வீட்டுக் கதவு வழியாகவும் ஜன்னல் வழியாகவும் பக்கவாட்டில் வெளிச்சம் வந்து ஒரு கருத்த தோளில் விழுகிறதே, அந்த வெளிச்சத்தை அவர் எங்கே நிறுத்துகிறார், எதை இருட்டில் விடுகிறார் என்று எத்தனை பேர் பேசினோம்? நிறம் கருத்த சாதாரணப் பெண்களை அவர் அவ்வளவு கவனமாக வரையத் தேர்ந்தது ஒரு முடிவு. 'போட்டோ மாதிரி' என்ற பாராட்டு அந்த முடிவையெல்லாம் அழித்து, அவரை ஒரு நல்ல ஜெராக்ஸ் மெஷினாக ஆக்கிவிடுகிறது.

இப்போது இது வெறும் ரசனைப் பிரச்சினை இல்லை. நாலு வார்த்தை தட்டினால் தத்ரூபமான பாட்டியைச் சில நொடிகளில் துப்புகிற மென்பொருள் எல்லார் கையிலும் இருக்கிறது. அந்தத் துறையில் சம்பளம் வாங்குகிறவன் என்கிற முறையில் சொல்கிறேன், அது இன்னும் நன்றாகத்தான் ஆகும். போட்டோ மாதிரி இருப்பதுதான் ஓவியத்தின் உச்சம் என்றால், ராத்திரி பதினோரு மணிக்குப் பென்சில் சீவுகிற அந்த ஆள் முட்டாள். அப்படி இல்லை என்று நாம் நம்பினால், எது உச்சம் என்று சொல்கிற வார்த்தைகள் நமக்கு வேண்டும். 'வேற லெவல்' அந்த வார்த்தை இல்லை.

"கடுமையா சொன்னா மனசு உடைஞ்சிடும், வரையறதையே விட்டுடுவாங்க" என்பார்கள். சரி, ஒரு பழைய கதையைப் பார்ப்போம். வின்சென்ட் வான்கோ 27 வயதில், 1880இல்தான் ஓவியனாவது என்று முடிவெடுத்தார். அதற்கு முன் ஓவிய வியாபாரக் கடையில் வேலை, ஆசிரியர் வேலை, சுரங்கத் தொழிலாளர்கள் நடுவே மதப் பிரசங்கம். பயிற்சித் தாள்களைப் பார்த்துப் பார்த்துப் பிரதி எடுத்துத்தான் கையைப் பழக்கினார். கடிதங்களிலேயே சின்னச் சின்னப் படங்கள் வரைந்து தம்பி தியோவுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். 1885இல் 'உருளைக்கிழங்கு உண்பவர்கள்' ஓவியத்தை அச்சுக்கல்லில் வரைந்து, அதன் ஒரு பிரதியை ஓவிய நண்பர் வான் ராப்பார்டுக்கு அனுப்பினார். வந்த பதில் அடி. பின்னால் இருக்கும் பெண்ணின் கை பொய்யாக இருக்கிறது, காபிக் கெண்டி நிற்கவும் இல்லை, யாரும் பிடித்திருக்கவும் இல்லை, வலதுபுறத்து ஆளுக்கு முழங்காலும் வயிறும் எங்கே, அவன் கை ஏன் இவ்வளவு குட்டை என்று வரிசையாகக் கேட்டிருந்தார். வின்சென்ட் அந்தக் கடிதத்தை அப்படியே திருப்பி அனுப்பினார். சில மாதங்களில் நட்பே முறிந்தது.

ஆக, மனசு உடைந்தது உண்மைதான். ஆனால் அதே கோடையில் அவர் என்ன செய்தார்? குனிந்து மண் வெட்டுகிற, கதிர் அறுக்கிற விவசாயிகளைப் பெரிய தாள்களில் திரும்பத் திரும்ப வரைந்தார். கனமான முதுகுகள், ஊன்றிய கால்கள், தரையில் பதிந்த பாதங்கள். அடுத்த ஜனவரியில் ஆண்ட்வெர்ப் கலைக்கழகத்தில் போய் உட்கார்ந்தார். ராப்பார்டின் தொனியில் மேட்டிமை இருந்தது, அதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் அந்த மனுஷன் படத்தைப் பார்த்திருந்தார். கெண்டியைப் பார்த்தார், முழங்காலைத் தேடினார். நம் 'சூப்பரில்' கெண்டியும் இல்லை, முழங்காலும் இல்லை.

ராப்பார்டின் கண் நமக்கு வேண்டும், அவருடைய நாக்கு வேண்டாம். இது முடியாத காரியமா? மென்பொருள் கம்பெனிகளில் தினமும் நடக்கிறது. ஒருத்தர் எழுதிய நிரலை இன்னொருத்தர் வரி வரியாகப் படித்துக் கருத்துச் சொல்வதற்கு கோட் ரிவ்யூ என்று பெயர். அங்கேயும் 'எல்ஜிடிஎம்' என்று நாலெழுத்து போட்டுத் தப்பிக்கிற ஆட்கள் உண்டு, அதாவது 'எனக்கு நல்லாத்தான் தெரியுது'. அவர்களை யாரும் நல்லவர்கள் என்று நினைப்பதில்லை. நல்ல ரிவ்யூவுக்குச் சில வழக்கங்கள் இருக்கின்றன. ஆளைப் பற்றிப் பேசாதே, வரியைப் பற்றிப் பேசு. எந்த வரி என்று சொல். ஏன் என்று சொல். சரியாக வந்த இடத்தையும் அதே துல்லியத்தோடு சொல்.

இதை ஓவியத்துக்குக் கொண்டுவர ஆகாயத்திலிருந்து யாரும் இறங்கி வர வேண்டாம். புதிதாக வரைகிறவர்கள் செய்கிற பிழைகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. கண்களை நெற்றிக்குப் பக்கத்தில் ஏற்றி வரைவது ஒன்று. உண்மையில் கண்கள் தலையின் உச்சிக்கும் தாடைக்கும் கிட்டத்தட்ட நடுவில் இருக்கின்றன. முகத்தைச் சுற்றி எல்லா இடத்திலும் ஒரே கனத்தில் கம்பிவேலி மாதிரிக் கோடு போடுவது இன்னொன்று. இருட்டுக்குப் பயந்து, படம் முழுவதும் சாம்பல் நிறமாகவே விட்டுவிடுவது. ஹெச்பி பென்சில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு கூந்தலின் கறுப்பை எட்ட முடியாது. நிழலை விரலால் தேய்த்துத் தேய்த்து முகத்தைப் புகை மூட்டமாக்குவது. கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் வெளிச்சமும் நிழலும் எங்கே குழம்பியிருக்கின்றன என்று தெரிந்துவிடும். படத்தைக் கண்ணாடியில் காட்டினால் கோணல் தானாகவே பல்லை இளிக்கும். இவ்வளவு தெரிந்தால் போதும், ஒரு உபயோகமான வாக்கியம் எழுதிவிடலாம்.

"நீ முதல்ல ஒண்ணு வரைஞ்சு காட்டு" என்று கேட்பார்கள். சாம்பாரில் உப்பு அதிகம் என்று சொல்ல சமையற்காரராக இருக்க வேண்டியதில்லை. வைத்தியம் சொல்லத் தெரியாவிட்டால் வலிக்கிற இடத்தையாவது சொல்லலாம்: "என் கண் அந்தக் கையிலயே போய் நிக்குது, ஏன்னு தெரியல." கேட்காதவர்களுக்கு இதையும் சொல்ல வேண்டாம். சந்தோஷத்துக்கு வரைகிறவர் சந்தோஷமாக இருக்கட்டும். கேட்டவருக்குச் சொல்லாமல் போவதுதான் அவமரியாதை. பெண்களுக்கு நடப்பது இதைவிட மோசம். படத்தை விட்டுவிட்டு வரைந்தவரின் முகத்துக்குக் கருத்துச் சொல்கிற ஒரு கூட்டம் எப்போதும் காத்திருக்கிறது. அதற்கு விமர்சனம் என்று பெயரில்லை.

வரைகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "சூப்பர்" என்றுதான் வரும். அந்தக் கேள்விக்கு அதுதான் பதில். "வெளிச்சம் இடப்பக்கத்துலேருந்து வருதுன்னு தெரியுதா? தாடை கழுத்தோட ஒட்டிக்கிச்சா?" என்று கேளுங்கள். பார்த்து வரைந்த படத்தையும் கூடவே வையுங்கள். ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில், போனைச் சாய்க்காமல் நேராகப் பிடித்து எடுங்கள். முடிந்த படத்தை மட்டும் காட்டாதீர்கள், கைவிட்ட பக்கங்களையும் காட்டுங்கள். முடிந்த படத்தில் நாங்கள் சொல்வதைத் திருத்த உங்களுக்கு மனசு வராது. பாதிப் படத்தில் அழிப்பானுக்கு இன்னும் வேலை இருக்கிறது.

மற்றவர்களுக்கு நான் கேட்பது ஒரு நிமிஷம்தான். கட்டைவிரலை எடுத்துவிட்டுப் படத்தைப் பாருங்கள். பிறகு ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள். அந்த வாக்கியத்தில் ஒரு கண்ணோ, ஒரு கோடோ, ஒரு நிழலோ இருக்கட்டும். அந்தப் படத்துக்கு மட்டுமே பொருந்தி, வேறு எந்தப் படத்துக்கும் ஒட்டவைக்க முடியாத வாக்கியமாக இருக்கட்டும். அது வராவிட்டால் சும்மா இருங்கள். அந்த மௌனமே 'சூப்பரை'விட நேர்மையானது.