பாயைச் சுருட்டலாம், தறியை?

திருமழிசையாழ்வாரும் அவர் சீடர் கணிகண்ணனும் காஞ்சியை விட்டுக் கிளம்ப, பெருமாளே பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னால் போனாராம். பக்கத்து ஓரிக்கையில் ஓரிரவு தங்கினார்களாம். பெருமாளுக்குப் பாயோடு முடிந்தது. இன்று ஆலை வேலைக்காக ஸ்ரீபெரும்புதூருக்குக் குடிபோவதா, காஞ்சியிலேயே இருப்பதா என்று யோசிக்கும் ஓரிக்கை நெசவுக் குடும்பம் குழித்தறியை எப்படிச் சுருட்டும்? வாடகை வீட்டு மாடியில் பள்ளம் தோண்ட எந்த உரிமையாளர் விடுவார்? ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார் ஆலை ஓடிவருகிறது, மாதச் சம்பளம் நிச்சயம், மறுக்கவில்லை. ஆனால் கரையைத் தனி நிறத்தில் கோத்து நெய்யும் கோர்வைச் சேலைக்கு, நெசவாளர் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள இன்னொருவர் வேண்டும், பெரும்பாலும் மனைவி. கணவர் ஆலைக்குப் போனால் மனைவியின் பிழைப்பும் சேர்ந்தே போகும். இந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை. ஆலை வேலை மகனுக்கென்றால், அவன் கம்பெனி பஸ்ஸில் போய்வரட்டும். வீடு மாற்றுவதைத் தறி நிற்கும் நாளில் பார்க்கலாம்.