சுட்ட பிறகு வரும் ஞானம்

'ஸ்பெக் ஆப்ஸ்: தி லைன்' என்ற வீடியோ கேமை மகத்தான துன்பியல் என்று சிலாகிக்கிற நண்பர்களோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. அதன் முடிவில் அவர்கள் காணும் தார்மீக இருண்மை, இருண்மையே அல்ல என்பது என் கட்சி. அது குற்ற உணர்வைத் தயார் செய்து பொட்டலம் கட்டிக் கொடுக்கிற காரியம். விளையாட்டையெல்லாமா விமர்சிப்பது என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இன்றைய பையன்களில் பலர் யுத்தத்தை முதலில் சந்திப்பது நாவலில் அல்ல, இங்கேதான்.

பெர்லினிலுள்ள யாகர் நிறுவனம் உருவாக்கி 2012இல் வெளிவந்தது இது. மணற்புயலில் புதைந்த துபாய். காணாமற்போன கர்னல் கான்ராடைத் தேடி காப்டன் வாக்கர் இரண்டு வீரர்களோடு வருகிறான். வழியில் எதிரிப் பாசறைமேல் வெண்பாஸ்பரஸ் குண்டுகளைப் பொழிகிறான். மேலிருந்து பார்க்கும் கருப்பு வெள்ளைத் திரையில் மனிதர்கள் வெறும் வெள்ளைப் புள்ளிகள். புகை அடங்கி நடந்து போனால், வெந்து கிடப்பவர்களில் அங்கே அடைக்கலம் புகுந்திருந்த ஜனங்களும் இருக்கிறார்கள். குழந்தையை அணைத்தபடி ஒரு தாய். கடைசியில் தெரிகிறது, கான்ராட் எப்போதோ செத்துவிட்டான். ரேடியோவில் கேட்டதெல்லாம் வாக்கரின் மனப்பிரமை. கண்ணாடி முன் நின்று தன்னைச் சுட்டுக்கொள்ளலாம், அல்லது பிரமையைச் சுடலாம். பிழைத்தால், மீட்க வரும் படையிடம் சரணடையலாம், அதனோடு சண்டையிட்டுச் சாகலாம், அல்லது அதையும் கொன்று தீர்க்கலாம்.

இத்தனை முடிவுகளும் வாக்கரைப் பற்றியவை. கொன்றவனின் ஆத்மா என்னவாயிற்று என்பதுதான் கேள்வி. வெந்தவர்களுக்குப் பெயர்கூட இல்லை. அதைவிட மோசம், அந்தக் குண்டுகளை வீசாமல் ஆட்டம் நகராது. வேறு வழியை அடைத்துவிட்டு, பிறகு 'நீ செய்தாயே' என்று விரலை நீட்டுகிறது. விளையாடாமல் எழுந்து போயிருக்கலாமே என்கிறார்கள் இதன் ஆதரவாளர்கள். காசு வாங்கிக்கொண்டு டிக்கெட் கிழித்தவன் சொல்கிற வாதம் இது. எனக்கு அந்த இடத்தில் வந்தது எரிச்சல், பச்சாதாபம் அல்ல.

ஆனால் என்னை உறங்கவிடாத காட்சி ஒன்றும் இதே ஆட்டத்தில் இருக்கிறது. அதைப் பற்றி நண்பர்கள் அதிகம் பேசுவதில்லை. கூட்டாளி லூகோவை ஊர் ஜனங்கள் தூக்கிலிட்டுவிடுகிறார்கள். கூட்டம் சூழ்ந்துகொண்டு கல்லெறிகிறது. என்ன செய் என்று திரை சொல்லாது. நான் கூட்டத்தைச் சுட்டேன். வானத்தை நோக்கிச் சுட்டிருந்தால் அவர்கள் கலைந்து ஓடியிருப்பார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. எனக்கு அது தோன்றவே இல்லை. அங்கே வழி இருந்தது, நான் தேடவில்லை. வாக்கர் அல்ல, நான். முடிவின் கண்ணாடியில் எனக்குத் தெரியாத முகம் இங்கே தெரிந்தது.

இதை நான் விளையாடியது வைகை அணைக் குடியிருப்பில், உறவினர் வீட்டில். 1959இல் திறந்த அணை. முழு மட்டம் 71 அடி. நீர் 66 அடி வந்ததும் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69இல் மூன்றாவது, சங்கு ஊதுகிறார்கள். கீழே ஆற்றில் யார் குளிக்கிறார்கள், யார் ஆடு மேய்க்கிறார்கள் என்பது மதகைத் திறப்பவருக்குத் தெரியாது. தெரியாது என்பதால்தான் சங்கு. வாக்கருக்கோ, தெரியாது என்பது தப்பிக்கும் வழி. ஆட்டம் அந்தத் தெரியாமையைச் சோகமாக்கி நம்மை அழச் சொல்கிறது.

மதுரையை எரித்தபின் கண்ணகி இந்த வைகையின் கரையோரமாகத்தான் மேற்கே நடந்தாள் என்கிறார் இளங்கோ. அவள் போய்ச் சேர்ந்த இடம் என்று கம்பம் பள்ளத்தாக்கின் ஜனங்கள் சித்ரா பௌர்ணமியன்று மங்கலதேவி மலை ஏறுகிறார்கள். சிலம்பில் தீ, எரிக்கும் முன் கேட்கிறது: யார் யாரை விட வேண்டும்? அவள் சொல்லும் பட்டியலோடு எனக்குப் பூசல் உண்டு. பார்ப்பார் ஏன் முதலில், 'தீயவர்' யாரென்று தீர்மானிப்பது யார், வெந்தவர்களுக்கு இளங்கோவும் பெயர் தரவில்லையே என்றெல்லாம் கேட்கலாம், கேட்கவேண்டும். ஆனால் கேள்வி எரிப்பதற்கு முன் வருகிறது. அதனால்தான் அந்தப் பதிலோடு நாம் இன்றும் சண்டை போட முடிகிறது. வாக்கரோடு சண்டைபோட என்ன இருக்கிறது? பரிதாபப்படலாம், அவ்வளவே.

2024 ஜனவரியில், உரிமங்கள் முடிகின்றன என்று சொல்லி, இந்த ஆட்டத்தை இணையக் கடைகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஏற்கனவே வைத்திருக்கும் நண்பர்கள் கடைசிக் காட்சியின் தத்துவத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்து, அந்தக் கல்லெறியும் கூட்டத்தின் முன் மறுபடி போய் நிற்கட்டும். முதல் தடவை துப்பாக்கியை எந்தப் பக்கம் திருப்பினோம் என்று எழுதட்டும். நான் என்னுடையதை எழுதிவிட்டேன்.