நாலு விரல் பள்ளம்

போன மாதம் முழுக்க இந்தப் பக்கத்தில் எதுவும் எழுதவில்லையே, உடம்புக்கு என்ன என்று நாலைந்து பேர் போன் செய்து கேட்டார்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. வலது மணிக்கட்டு எலும்பு முறிந்து மாவுக்கட்டில் இருந்தது. இப்போது கட்டு பிரித்தாகிவிட்டது. இதை இரண்டு கையாலும்தான் தட்டுகிறேன்.

எப்படி உடைந்தது என்பதைச் சொல்வதற்கு முன்னால், எங்கே உடைந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரையே அந்த இடத்தைப் பற்றியதுதான்.

நான் தபால் துறையில் மெயில் ஓவர்சீயராக இருந்தவன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். கிளைத் தபால் நிலையங்களுக்குப் போய்க் கணக்குப் பார்ப்பது, மணியார்டர் சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று விசாரிப்பது இதெல்லாம் எங்கள் வேலை. சைக்கிள்தான் வாகனம். ராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி, காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, சுருளிப்பட்டி என்று ஊர் ஊராக மிதித்தே கம்பம் பள்ளத்தாக்கைப் படித்தவன் நான். வரைபடத்தில் பார்த்து அல்ல, முழங்காலால் படித்தது.

தேனியிலிருந்து கம்பம் போகும்போது சாலை சமதளம் மாதிரிதான் தெரியும். காரில் போகிறவர்கள் சத்தியம் செய்வார்கள். சைக்கிளில் போகிறவனுக்குத்தான் தெரியும், அது கண்ணுக்குத் தெரியாத ஏற்றம் என்று. ஆனி, ஆடியில் போனால் இன்னொரு பாடமும் கிடைக்கும். மேற்கு மலை இடுக்கு வழியாக இறங்குகிற காற்று நேரே நெஞ்சில் மோதும். மூன்று மைலுக்கு ஒரு முறை இறங்கித் தண்ணீர் குடிக்க வேண்டும். ஆனால் திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு வரும். காலையில் வாங்கிய கடனைச் சாயங்காலம் திருப்பிக் கொடுக்கிற நேர்மையான காற்று!

இரண்டு பக்கமும் மலை, நடுவில் முல்லைப் பெரியாறு. 1895ல் பென்னிகுக் அணை கட்டி முடித்து மேற்கே போன தண்ணீரை மலையைக் குடைந்து இந்தப் பக்கம் திருப்பிவிட்ட பிறகுதான் இந்தப் பள்ளத்தாக்குக்கு இத்தனை பச்சை. 14,707 ஏக்கரில் இருபோகம் நெல் விளைகிறது. ஜனவரி 15ல் அந்த வெள்ளைக்காரரின் பிறந்தநாளுக்கு நம் ஊர்களில் பொங்கல் வைக்கிறோம் என்றால் சும்மாவா? நெல் வயலைத் தாண்டி மலையடிவாரத்தை நோக்கி மேடேறினால் திராட்சைப் பந்தல். கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, அதன் மேல் கொடி படர்ந்து, சாலையிலிருந்து பார்த்தால் பச்சைக் கூரை போட்ட கல்யாண மண்டபம் மாதிரி இருக்கும். பன்னீர் திராட்சை. பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் 1832ல் தமிழ்நாட்டுக்குக் கொண்டு வந்த ரகம் என்று சொல்வார்கள். வேறு ஊர்களில் பருவத்துக்கு ஒரு முறைதான் திராட்சை. இங்கே ஒரு தோட்டத்தில் கவாத்து நடக்கும்போது பக்கத்துத் தோட்டத்தில் பழம் வெட்டிக்கொண்டிருப்பார்கள். வருஷம் முழுக்கப் பழம் உண்டு. 2023ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியூர் சைக்கிள்காரர்கள் அதிகம் வருகிறார்கள். ஹெல்மெட், கண்ணாடி, உடம்போடு ஒட்டிய சட்டை, கட்டைவிரல் அகல டயர். ஒருநாள் டீக்கடையில் மதுரைப் பையன் ஒருவன், "ஐயா, சுருளிக்கு வண்டி இல்லாத வழி எது?" என்று கேட்டான். உள்ளூர்ச் சாலையைக் காட்டினேன். திரும்பி வந்தவன், "இந்த மாதிரி ரோட்டை நான் எங்கேயுமே பார்த்ததில்லை ஐயா" என்றான். எனக்கு நானே போட்ட ரோடு மாதிரிப் பெருமையாக இருந்தது. அவன் சொன்னதில் பொய்யில்லை. ஆற்றுப் பாலம், வாய்க்கால் கரை, வயல், பந்தல், மலையடிவாரம், கடைசியில் அருவி. இரண்டு மணி நேரத்துக்குள் இத்தனையும் பார்த்துவிடலாம்.

அந்தச் சாலையில்தான் என் கை உடைந்தது.

கார்த்திகை மாதம், விடிவதற்கு முன். ஓய்வு பெற்றபோது மகன் வாங்கிக் கொடுத்த கியர் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் ஒன்று பின்னால் ஹாரன் அடித்தது. முதல் ஆளாக மலையேறிவிட வேண்டும் என்ற அவசரம் அந்த ஜீப்புகளுக்கு எப்போதும் உண்டு. பழக்கதோஷத்தில் இடது பக்கம் ஒதுங்கினேன். தார் முடிந்து சைக்கிள் கீழே இறங்கியது. ஜீப் போனதும் மறுபடி தாரில் ஏறப் பார்த்தேன். முன்சக்கரம் தார் விளிம்பில் உரசி வழுக்கிவிட்டது. கையை ஊன்றிவிட்டேன். அவ்வளவுதான். எந்த வண்டியும் என்மேல் மோதவில்லை. அந்த டிரைவருக்கு நான் விழுந்ததே தெரிந்திருக்காது.

பழம் வெட்டப் போய்க்கொண்டிருந்த பெண்கள்தான் தூக்கிவிட்டார்கள். அதில் ஒரு அம்மா, "இந்த எடத்துல தெனமும் யாராச்சும் விழுவாகய்யா. நீங்களாச்சும் பாத்து வரக் கூடாதா?" என்றார். தினமும் யாராவது விழுகிற இடம் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது!

கட்டுப் போட்ட பிறகு ஒருநாள் மாலை அங்கே போய்ப் பார்த்தேன். தாருக்கும் மண்ணுக்கும் நாலு விரல் ஆழம். இது எப்படி வருகிறது? சில வருஷத்துக்கு ஒரு முறை பழைய தாரின் மேலேயே புதுத் தார் போடுகிறார்கள். சாலை உயர்ந்துகொண்டே போகிறது. ஓரத்தில் மண் கொட்டி அதே மட்டத்துக்குக் கெட்டிப்படுத்துவதில்லை. கொட்டினாலும் இரண்டு மழையில் கரைந்துவிடுகிறது. காருக்கு நாலு விரல் ஒரு பொருட்டே இல்லை. பைக்காரன் குலுங்கிக்கொண்டு ஏறிவிடுவான். மெதுவாகப் போகிற சைக்கிளுக்கு அது சுவர். நேராக ஏறினால் ஏறிவிடும். சாய்வாக, உரசிக்கொண்டு ஏறினால் கட்டாயம் கவிழ்க்கும். சாலையோடு ஒட்டிப் போகிறவன் சாய்வாகத்தானே ஏற முடியும்?

மகன் சென்னையிலிருந்து வீடியோ காலில் வந்தான். "அப்பா, போதும். சைக்கிளைக் கொடுத்துடுங்க. டிரெட்மில் அனுப்புறேன்" என்றான். வீட்டம்மா ஒரு படி மேலே போய், "அறுபத்தெட்டு வயசுல உங்களுக்கு யாரு மெடல் குத்தப் போறா? அதை வித்துட்டு நாலு தென்னம்பிள்ளை வாங்கி வைங்க" என்றாள். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நானும் ஒரு வாரம் யோசித்தேன்.

யோசித்தபோது நினைவுக்கு வந்தவர் வேறு ஒருவர். மூட்டை கட்டிய சாப்பாட்டுத் தூக்குச்சட்டியை ஹாண்டில்பாரில் மாட்டிக்கொண்டு, தினமும் எதிரே வருவார். தோட்டத்தில் மருந்து அடிக்கிறவர். என் வயதுதான். "என்னண்ணே, இன்னும் ஓட்டுறீகளா?" என்பார். "நீங்க ஓட்டும்போது நான் ஓட்டக் கூடாதா?" என்பேன். அவ்வளவுதான் எங்கள் சிநேகம். இரண்டு வருஷம் முன்னால் இதே மாதிரி ஒரு விடியலில் பின்னாலிருந்து ஒரு வண்டி தட்டிவிட்டுப் போய்விட்டது. பின்பக்கம் சிவப்பு விளக்கு இல்லை, பளபளக்கிற பட்டையும் இல்லை. சட்டையோ மண் நிறம். இடுப்பெலும்பு போய்விட்டது. இன்றைக்கும் திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறார். எனக்குக் கை உடைந்தால் மாதாமாதம் பென்ஷன் வந்துவிடும். அவருக்கு என்ன வரும்?

நான் சைக்கிளை விற்றுவிட்டு வீட்டுக்குள் ஓடும் பட்டையில் நடக்கலாம். தோட்டத்துக்குப் போகிறவர் எதை விற்றுவிட்டு எதில் நடப்பார்?

"இப்போ யார் சார் சைக்கிள் ஓட்டுறா? எல்லார்கிட்டயும் டூவீலர் இருக்கு" என்று என் பழைய அலுவலக நண்பர் சொன்னார். அவர் எட்டு மணிக்கு எழுந்திருப்பவர். ஐந்தரை மணிக்கு வந்து டீக்கடை பெஞ்சில் உட்காரச் சொன்னேன். வந்தார். ஒரு டம்ளர் டீ முடிவதற்குள் அவருக்குக் கைவிரல்கள் போதவில்லை. பழம் வெட்டுகிறவர்கள், பால் ஊற்றுகிறவர்கள், களையெடுக்கப் போகிறவர்கள், அப்புறம் அரசாங்கம் கொடுத்த இலவச சைக்கிளில் டியூஷன் போகிற பிள்ளைகள். எட்டு மணிக்குச் சாலையைப் பார்க்கிறவர்களுக்கு இவர்கள் யாரும் கண்ணில் பட மாட்டார்கள். திட்டம் போடுகிறவர்களும் எட்டு மணிக்கு மேல்தான் வருகிறார்கள் என்று நினைக்கிறேன்.

இன்னொருவர், "பைபாஸ்தான் வந்துவிட்டதே, அதில் ஓரத்திலும் தார் இருக்கிறதே" என்றார். இருக்கிறது. ஆனால் தோட்டம் பைபாஸில் இல்லை. ஊரிலிருந்து தோட்டத்துக்குப் போகிற வழி உள்ளூர்ச் சாலைதான். ஐயப்ப சீசனில் போகிறவர்களைக் கம்பம்மெட்டு வழியாகவும் வருகிறவர்களைக் குமுளி வழியாகவும் திருப்பிவிடுகிறார்கள். நெரிசல் குறைய நல்ல ஏற்பாடுதான். வண்டிகளுக்கு ஒழுங்கு செய்யத் தெரிந்தவர்களுக்கு சைக்கிளுக்கு ஒழுங்கு செய்யத் தெரியாமல் போகாது. மனது வைக்க வேண்டும்.

நான் கேட்பது பெரிய திட்டமில்லை. சுற்றுலாவுக்கென்று பச்சைப் பெயிண்ட் அடித்து, வளைவு வைத்து, திறப்பு விழா நடத்துகிற சைக்கிள் பாதை வேண்டாம். மதுரைப் பையனும் அதைக் கேட்கவில்லை. புதுத் தார் போடுகிற ஒவ்வொரு முறையும், ஓரத்தில் ஒரு கஜ அகலத்துக்குக் கிராவல் கொட்டி, தார் மட்டத்துக்கு உருளை ஓட்டிக் கெட்டிப்படுத்த வேண்டும். அதை முடிக்காமல் ஒப்பந்தக்காரருக்குக் கடைசிப் பில் கொடுக்கக் கூடாது. மழைக்காலம் முடிந்ததும் ஒரு முறை பார்த்துக் கரைந்த இடத்தை நிரப்ப வேண்டும். இரண்டாவது, விடியற்காலையில் ஆட்களை வரச் சொல்கிற தோட்டக்காரர்கள் அவர்கள் சைக்கிளுக்குப் பின்னால் ஒரு சிவப்புப் பட்டை ஒட்டிக் கொடுக்க வேண்டும். ஒரு பெட்டி பழத்தின் விலைகூட ஆகாது. மூன்றாவது, இலவச சைக்கிள் கொடுக்கும் நாளில் இருட்டில் எப்படிப் போவது என்று பிள்ளைகளுக்குப் பத்து நிமிஷம் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

இதைச் செய்தால் வெளியூர்ப் பையன்களுக்கும் நல்லது, தோட்டத்துக்காரர்களுக்கும் நல்லது, என்னைப் போன்ற கிழவர்களுக்கும் நல்லது. சாலை யாருக்கும் தனித்தனியாகப் போடுவதில்லையே.

ஊராட்சிக்கும் நெடுஞ்சாலைத் துறைக்கும் மனு எழுதி அனுப்பிவிட்டேன். பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு. தபால்காரன் புத்தி போகுமா? அட்டை திரும்பி வந்துவிட்டது, பதில் இன்னும் வரவில்லை. படிக்கிறவர்களில் அந்தப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்களும், ஊராட்சியில் சொல்வாக்கு உள்ளவர்களும் இருக்கிறீர்கள். இன்னும் நாலு மனு போனால் நல்லது.

அதுவரை சும்மா இருக்க முடியவில்லை. கம்பத்தில் ஒரு கடையில் ராத்திரியில் பளபளக்கிற சிவப்புப் பட்டை ஒரு சுருள் வாங்கி வந்தேன். ஒரு கத்தரிக்கோல், சைக்கிள் மட்கார்டு துடைக்க ஒரு துணி. போன திங்கட்கிழமையிலிருந்து ஐந்தரை மணிக்கு டீக்கடை வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். முதல் நாள் எல்லோரும் என்னவோ வசூல் என்று நினைத்து வேகமாக மிதித்தார்கள். இப்போது அவர்களாகவே நிறுத்துகிறார்கள். எனக்குக் கை கொடுத்துத் தூக்கிய அந்த அம்மா, வீட்டுக்காரர் சைக்கிளையும் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்.

சைக்கிளை விற்கவில்லை. வீட்டம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவள் இந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.