ஆவணப் பிழையும் பிழையே: ஒரு கோரிக்கைச் சாசனம்

ஜாங்கோ போன்ற வெப் ஃப்ரேம்வொர்க்குகளின் ஆவணங்களைப் படித்தே தொழில் கற்றவர்களும், இப்போது கற்றுக்கொண்டிருப்பவர்களும் சேர்ந்து இந்தச் சாசனத்தை முன்வைக்கிறோம்.

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், லாரன்ஸ் நகரத்துச் செய்தித்தாள் அலுவலகம் ஒன்றில் 2003இல் உருவானது ஜாங்கோ. 2005 ஜூலையில் அது எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. பத்திரிகைக்காரர்கள் நடுவே பிறந்ததாலோ என்னவோ, எழுத்தை மதிக்கும் பழக்கம் அங்கே உண்டு. நிரலும் ஆவணமும் ஒரே ரெப்போவில் இருக்கின்றன. புது வசதியைச் சேர்ப்பவர் அதற்கான ஆவணத்தையும் எழுதித் தர வேண்டும். அத்தனை கவனம் உள்ள இடத்திலும் பிழை வரத்தான் செய்யும். வந்த பிழையை யார், எவ்வளவு சீக்கிரம் திருத்துகிறார்கள் என்பதே எங்கள் கேள்வி.

“ஒரு காற்புள்ளிதானே” என்று கேட்பவர்களுக்கு ஒரு காட்சி. ஆவணத்தில் உள்ள எடுத்துக்காட்டு நிரலில், செயலிகளின் பெயர்ப் பட்டியலில் ஒரு காற்புள்ளி விடுபட்டிருக்கிறது. ஜாங்கோவின் மொழியான பைத்தான் அந்த இடத்தில் முணுமுணுக்கக்கூடச் செய்யாது. மேற்கோள் குறிகளுக்குள் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு பெயர்களை ஒட்டி ஒன்றாக்கிவிடும். ‘போல்ஸ்’, ‘பிளாக்’ இரண்டும் ‘போல்ஸ்பிளாக்’ ஆகிவிடும். அப்புறம், அப்படியொரு மாட்யூலே இல்லை என்று திரை சிவக்கும். பழகிய கை அரை நிமிடத்தில் கண்டுபிடித்துவிடும். பக்கத்தில் இருந்ததை எழுத்துப் பிசகாமல் தட்டிய புதியவரோ தன்னையே சந்தேகப்படுவார். “நமக்கு இதெல்லாம் வராது” என்று லேப்டாப்பை மூடிவிடுபவரும் உண்டு. பிழை ஆவணத்தில்; பழி படித்தவர் தலையில்.

ஆகவே கோருகிறோம்.

பராமரிப்பாளர்களிடம்

1. எழுத்துப் பிழைக்கு டிக்கெட் கேட்காதீர்கள். சில்லறைத் திருத்தங்களை டிக்கெட் போடாமலே அனுப்பலாம் என்று ஜாங்கோவில் விதியே இருக்கிறது. எல்லாத் திட்டங்களிலும் அது வேண்டும்.

2. திருத்தம், மக்கள் படிக்கும் பதிப்பைச் சென்றடைய வேண்டும். அடுத்த வெளியீட்டுக்கான கிளையில் திருத்திவிட்டு, இன்று புழக்கத்தில் உள்ள பதிப்பை அப்படியே விட்டால் யாருக்குப் பயன்? பேக்போர்ட் செய்யுங்கள்.

3. எடுத்துக்காட்டு நிரல்களை இயந்திரத்தில் ஓட்டிப் பார்த்தே வெளியிடுங்கள். பைத்தானில் இதற்கென்றே டாக்டெஸ்ட் இருக்கிறது.

4. “சுலபமாக”, “சும்மா”, “அவ்வளவுதான்” போன்ற சொற்களை நீக்குங்கள். வேலையின் கடினத்தைக் குறைத்துக் காட்டும் சொற்களைத் தவிர்க்கும்படி ஜாங்கோவின் எழுத்து நெறியே சொல்கிறது. சுலபம் என்று எழுதிய இடத்தில் தடுக்கி விழுபவருக்கு வலி இரட்டிப்பு.

5. ஒரு எழுத்தைத் திருத்தியவரின் பெயரும் வரலாற்றில் பதியட்டும். ஏற்க முடியாவிட்டால் காரணத்தை ஒரு வரியில் சொல்லுங்கள். மௌனமாக மூடிவிடாதீர்கள்.

பாடம் எழுதுபவர்களிடமும் பயிற்சி நிலையங்களிடமும்

6. எந்தப் பதிப்புக்கான பாடம் என்பதைப் பக்கத்தின் தலையிலேயே போடுங்கள். 2017 டிசம்பரில் வந்த ஜாங்கோ 2.0, முகவரிகளை எழுத ‘பாத்’ என்ற புதிய வழியைத் தந்தது. ‘ஃபாரின் கீ’ எழுதும்போது ‘ஆன் டெலீட்’ சொல்வதையும் கட்டாயமாக்கியது. பழைய ‘யூஆர்எல்’ ஃபங்ஷன் 4.0இல் நீக்கப்பட்டது. இந்த மாற்றங்களுக்கு முந்தைய பாடத்தை இன்றும் அப்படியே நடத்தினால், மாணவர் முதல் வரியிலேயே இம்போர்ட் எரரில் நிற்பார்.

நிறுவனங்களிடம்

7. வேலை நேரத்தில் கண்ட பிழையை வேலை நேரத்திலேயே திருத்தி அனுப்ப ஊழியரை அனுமதியுங்கள். பத்து நிமிட வேலைக்கு மூன்று மேலாளர்களின் ஒப்புதல் தேவையில்லை. இலவசமாக எடுத்துக்கொண்ட மென்பொருளுக்கு நீங்கள் செலுத்தக்கூடிய மிகச் சிறிய வாடகை இது.

எங்களிடமே

8. பரிசுக்காகத் திருத்த மாட்டோம். 2020இல், ஹேக்டோபர்ஃபெஸ்ட் என்ற திறமூலப் பங்களிப்பு நிகழ்வில் நான்கு புல் ரிக்வெஸ்டுக்கு ஒரு டி-ஷர்ட் என்றதும், ரீட்மீ கோப்புகளில் அர்த்தமில்லாத சொற்களைச் சொருகிய கோரிக்கைகள் வெள்ளமாக வந்தன. பராமரிப்பாளர்கள் கொதித்தார்கள். விருப்பம் தெரிவித்த திட்டங்கள் மட்டுமே கணக்கில் வரும் என்று அமைப்பாளர்கள் சில நாட்களிலேயே விதியை மாற்ற வேண்டியிருந்தது. அந்த அவப்பெயரைத் துடைக்க வேண்டியவர்களும் நாங்களே.

9. திருத்தும் முன் ஓட்டிப் பார்ப்போம். வேறு யாராவது ஏற்கெனவே அனுப்பியிருக்கிறார்களா என்று தேடுவோம். அமெரிக்க எழுத்துமுறையில் உள்ள ஆவணத்தை பிரிட்டிஷ் முறைக்கு மாற்றுவதைத் திருத்தம் என்று சொல்ல மாட்டோம்.

10. ஒரு புல் ரிக்வெஸ்டில் ஒரு வகைப் பிழையை மட்டும் திருத்துவோம். சரிபார்ப்பவரின் நேரமும் நேரம்தான்.

இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஆவணத்தில் ஒரு வரி உங்களைத் தடுக்கி விழவைத்தால், வழி தெரிந்ததும் பக்கத்தை மூடிவிட்டுப் போய்விடாதீர்கள். அந்த வரியைத் திருத்தி அனுப்பிவிட்டு மூடுங்கள். உங்களுக்குப் பின்னால் இன்னொருவர் அதே வரிக்கு வந்துகொண்டிருக்கிறார்.