ஏலத்தில் எதிராளி யாருங்க?

ஊர் ஏலத்தில் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாலே போதும், விலையை ஏற்றுகிற ஆசாமி நிஜமாகவே வாங்க வந்தவரா, விற்பவரின் மச்சானா என்று தெரிந்துவிடும். ஈபேயில்? ஓர் எழுத்து, மூன்று நட்சத்திரம், இன்னோர் எழுத்து. அவ்வளவுதான் பெயர்!

தோற்றவர்களுக்கு மோசடிக்காரர்கள் போலி மெயில் அனுப்பாமல் இருக்கத்தான் இந்த மறைப்பாம். நியாயம்தான். ஆனால் அதே நட்சத்திரத்துக்குப் பின்னால் விற்பவரே உட்கார்ந்து தன் பொருளுக்கு விலை ஏற்றினால்?

அது தவறு என்று ஈபே விதியே சொல்கிறது. நம்ம 1930ஆம் வருட சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64ஆம் பிரிவும் (பி.காம். பசங்க பரீட்சைக்கு முந்தின ராத்திரி மட்டும் படிப்பது) அப்படிப்பட்ட விற்பனையை வாங்கியவர் ரத்து செய்யலாம் என்கிறது. எல்லாம் சரி, நிரூபிக்க அவர் கையில் என்ன இருக்கிறது? நட்சத்திரம்!

புகார் கொடுத்தால் விசாரிப்பார்களாம். முடிவு? அது அடுத்தவர் அந்தரங்கமாம், சொல்ல மாட்டார்களாம். பணம் போனவருக்கே சொல்லாத விசாரணை யாருக்காக?

2010இல் இங்கிலாந்தில், ஈபேயில் தன் மினிபஸ்ஸுக்கு வேறு பெயரில் தானே ஏலம் கேட்டவருக்கு 5,000 பவுண்ட் அபராதமும் 250 மணி நேர சமூகப் பணியும் கிடைத்தது. வண்டி ஓடிய தூரத்தைக் குறைத்துக் காட்டியதாக வந்த புகாரை அரசு அதிகாரிகள் துருவப்போய்த்தான் இதுவும் மாட்டியது...

இதில் ஈபேவுக்கு என்ன நஷ்டம்? கமிஷன் பெரும்பாலும் விற்ற விலையில் இத்தனை சதவீதம் என்றுதான். மச்சான் நூறு டாலர் ஏற்றிவிட்டால் அதற்கும் சேர்த்துத்தான் வசூல். ஏலம் போலி என்று தெரிந்த பிறகு, அந்தப் பங்கையாவது வாங்கியவரிடம் திருப்பிக் கொடுக்கட்டுமே!