படக்காரர் பேசக் கூடாது

எங்கள் புகைப்படக் குழுவுக்குப் பதிவு எண் கிடையாது, லெட்டர்பேட் கிடையாது, சந்தாவும் கிடையாது. டீக்காசை மட்டும் பங்கு போட்டுக்கொள்கிறோம். இருக்கிற விதி ஒன்றே ஒன்றுதான். சுவரில் யாருடைய படம் தெரிகிறதோ, அவர் பேசக் கூடாது. மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை, எங்கே எடுத்தது, எந்த நேரத்தில் எடுத்தது, என்ன பாடுபட்டு எடுத்தது என்று மூச்சுவிடக் கூடாது.

மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், தஞ்சாவூரில் ஒரு டியூஷன் சென்டர் மாடியில் கூடுவோம். புரொஜெக்டர் சென்டருடையது, திரை, வெள்ளையடித்த சுவர். மின்வாரியத்தில் ஓய்வுபெற்ற உதவிப் பொறியாளர், ஒரு பல் டாக்டர், அரசுப் பள்ளி ஆசிரியை, பாலிடெக்னிக் பையன்கள் சிலர், கல்யாண ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் என்று கலவையான கூட்டம். அமெச்சூர்கள் கூடுகிற இடத்தில் ஸ்டுடியோக்காரருக்கு என்ன வேலை என்று ஆரம்பத்தில் ஒருவர் கேட்டுவிட்டார். "முகூர்த்த நாள்ல எல்லாம் அவங்க கேக்குறதை எடுக்கிறேன் சார். யாரும் கேக்காத படத்தை எடுக்கிறதுக்குத்தான் இங்க வர்றேன்" என்றார் அண்ணன். அதற்குப் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

குழுவுக்கு வாட்ஸ்அப்பும் உண்டு. அங்கே தினமும் படம் வருகிறது. வந்த அரை நிமிடத்தில் கட்டைவிரல், நெருப்பு, கைகூப்பு எல்லாம் வந்துவிடும். கல்யாண வீட்டு மொய் மாதிரிதான் அது. நேற்று அவர் என் படத்துக்கு வைத்தார், இன்றைக்கு அவர் படத்துக்கு நான் வைக்காமல் இருக்க முடியாது. உள்ளங்கை அகலத் திரையில், அதுவும் வாட்ஸ்அப் சுருக்கி அனுப்பிய படத்தில், ஃபோகஸ் கண்ணில் விழுந்திருக்கிறதா மூக்கில் விழுந்திருக்கிறதா என்று பார்க்கக்கூட வழியில்லை.

படத்தோடு கூடவே கதை ஒன்றும் வரும். நடுராத்திரியில் கிளம்பி, கோடியக்கரைச் சேற்றில் முழங்கால்வரை நின்று, பூநாரைக் கூட்டம் பக்கத்தில் வரும்வரை அசையாமல் இருந்த கதை. அதைக் கேட்டபிறகு படத்தை யார் பார்க்கிறார்கள்? பட்ட பாட்டைத்தான் பார்க்கிறார்கள். அந்தப் பாடு படத்துக்குள் இருந்தால் சொல்லாமலே தெரியும். இல்லையென்றால் சொல்லி வரப்போவதில்லை. இதற்காகத்தான் எங்கள் விதி. கேட்பதற்குச் சின்ன விஷயமாக இருக்கும். பத்து நிமிடம் வாயைக் கட்டிக்கொண்டு, தன் படத்தை நாலு பேர் தனக்குத் தோன்றாத விதத்தில் பிரித்துப் போடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று உட்கார்ந்து பார்த்தவருக்குத்தான் தெரியும்.

சித்திரை மாதத்துக்கு ‘மதியம்’ என்று தலைப்புக் கொடுத்திருந்தோம். புகைப்படம் சொல்லித்தருகிற எல்லோரும் தவிர்க்கச் சொல்லும் நேரம் அது. சூரியன் உச்சியில் நிற்கும்போது நிழல் காலடியில் சுருண்டுவிடும். முகத்தை எடுத்தால் கண் இருக்கும் இடத்தில் இரண்டு பள்ளம்தான் இருக்கும். காலையும் மாலையும் எடுத்தே பழகியவர்களை வெயிலில் இறக்கிவிட வேண்டும் என்பது பொறியாளரின் யோசனை. ஆளுக்கு ஒரே படம்தான் கொண்டுவர வேண்டும். ஃபிலிம் இருந்த காலத்தில் ரோலுக்கு 36 படம். எடுக்கும்போதே யோசித்தாக வேண்டும். இப்போது ஒரு காலைப்பொழுதில் ஐந்நூறு எடுத்துவிட்டு வீட்டுக்கு வருகிறோம். யோசிக்கிற வேலை முழுக்க வீட்டுக்கு மாறிவிட்டது. ஐந்நூறில் ஒன்றைப் பொறுக்குவது எடுப்பதைவிடச் சிரமம் என்பது என் அனுபவம். பத்தைப் பகிர்கிறவர், பொறுக்கும் வேலையை நம் தலையில் கட்டிவிடுகிறார்.

ஆசிரியை ஒரு ரேஷன் கடை வாசலைக் கொண்டுவந்திருந்தார். வெயில் கொளுத்துகிறது. வரிசையில் ஆட்கள் இல்லை. செருப்புகள் வரிசையில் நிற்கின்றன. நடுவே ஒரு துணிப்பை, ஒரு அரைச் செங்கல், ஒரு பிளாஸ்டிக் வாளி. இடம் போட்டுவிட்டுப் போனவர்கள் வேப்பமர நிழலில் இருக்கிறார்கள். படத்தின் ஓரத்தில் அவர்களுடைய வெறுங்கால்கள் மட்டும் தெரிகின்றன. ஆசிரியை பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

மேலே இரண்டு விரல்கடை வெட்டினால் கடையின் பெயர்ப்பலகை போய்விடும், படம் சுத்தமாகிவிடும் என்றார் பல் டாக்டர். பலகையை வெட்டினால் கோயில் வாசல் என்று நினைத்துவிடுவார்கள் என்றான் ஒரு பையன். அவன் சொன்னது எங்கள் எல்லோருக்கும் உறைத்தது. வரிசையாகச் செருப்பு கிடந்தால் நம் ஊரில் முதலில் தோன்றுவது கோயில்தான்; இது வேறு வாசல் என்று சொல்வதற்கு அந்தப் பலகையைத் தவிரப் படத்தில் வேறு எதுவும் இல்லை. பிறகு ஸ்டுடியோ அண்ணன் எழுந்து சுவருக்குப் பக்கத்தில் போனார். "எல்லாச் செருப்பும் கடையைப் பாத்து இருக்கு. இந்த ஒரு ஜோடி மட்டும் ரோட்டைப் பாத்து இருக்கே, ஏன்?" என்றார். பாதி வரிசையில் சலித்துப்போய்த் திரும்ப நினைத்தவரா, அவசரத்தில் கழற்றிப் போட்டவரா என்று கொஞ்ச நேரம் பேச்சு ஓடியது. ஆசிரியைக்குப் பேச அனுமதி வந்தபோது அவர் சொன்னது: "சார், அந்த ஜோடியை நான் இப்பத்தான் பாக்குறேன்."

எடுத்தவருக்கே தெரியாமல் படத்துக்குள் இருப்பதை இன்னொருவர் எடுத்துக் கொடுப்பது, கூடி உட்கார்ந்தால்தான் நடக்கும். குழு என்று ஒன்று இருப்பதற்கு இந்த ஒரு காரணம் போதும் என்று நினைக்கிறேன். லென்ஸ் இரவல் வாங்குவதும் சேர்ந்து ஊர் சுற்றுவதும் அதற்கு அப்புறம்தான்.

கூடிப் பார்க்கும் இந்தப் பழக்கத்துக்கு நம் நாட்டில் வயது அதிகம். பம்பாயில் 1854இலேயே புகைப்படச் சங்கம் தொடங்கிவிட்டது. கல்கத்தாவும் சென்னையும் அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் சேர்ந்துகொண்டன. சென்னைச் சங்கத்துக்குப் பின்னால் இருந்தவர், அங்கே ஓவியப் பள்ளியைத் தொடங்கிய டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர். சங்கம் இருந்தால் சண்டையும் இருக்கும். கல்கத்தாச் சங்கத்தின் பொறுப்பாளர்களில் ஒருவராக இருந்த ராஜேந்திரலால் மித்ரா, நீலச்சாயத் தோட்டத்து வெள்ளைக்கார முதலாளிகளைக் கண்டித்துப் பேசினார் என்பதற்காக 1857இல் சங்கத்தைவிட்டு நீக்கப்பட்டார். எங்கள் சண்டைகள் அந்த அளவுக்குப் போவதில்லை. பெரும்பாலும் எடிட்டிங் பற்றித்தான் இருக்கும்.

வானம் வெளிறிப் போயிருந்தால் வேறு வானத்தை ஒட்டலாமா? பொறியாளர் கூடவே கூடாது என்பார். பையன்கள் கம்ப்யூட்டரில் ஒரு நொடியில் ஒட்டிக் காட்டுவார்கள். இந்தத் தகராறு முற்றும்போதெல்லாம் நான் லின்னேயஸ் டிரைப் பெயரை இழுத்துவிடுவேன். சென்னை ராணுவத்தில் கேப்டனாக இருந்தவர். 1856இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். ராட்சதக் கேமராவையும் காகித நெகட்டிவ்களையும் ரசாயனங்களையும் மாட்டுவண்டிகளில் ஏற்றிக்கொண்டு திருச்சி, மதுரை, புதுக்கோட்டை என்று சுற்றி, 1858இல் எங்கள் ஊருக்கும் வந்து பெரிய கோயிலை எடுத்தவர். அந்தக் கால நெகட்டிவில் வானம் வெறுமையாகத்தான் விழும். டிரைப் என்ன செய்தார்? நெகட்டிவ் காகிதத்தின் மேலேயே வண்ணம் தடவி மேகத்தை வரைந்தார். மரங்களில் இலைகளையும் தெளிவாக்கினார். ஒட்டு வானத்துக்கு வயது நூற்றைம்பதுக்கு மேல் என்று நான் சொன்னால் பையன்கள் கைதட்டுவார்கள். பொறியாளர் விடமாட்டார். "அவர் வரைஞ்சாருங்க. இவனுங்க அடுத்தவன் எடுத்த வானத்தை டவுன்லோடு பண்றானுங்க" என்பார்.

டிரைப் எங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலையும் கொடுத்தார். பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளை அவர் துண்டுதுண்டாக எடுத்து, 21 அச்சுகளை ஒட்டி, கிட்டத்தட்ட 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கியிருக்கிறார். இப்போது செல்போனிலேயே பனோரமா இருக்கிறதே என்று கிளம்பினோம். ஒரே இடத்தில் நின்று போனைத் திருப்பினால், எதிரில் இருக்கும் எழுத்து பெரிதாகவும் கோடியில் இருக்கும் எழுத்து சாய்ந்து சிறுத்தும் விழுகிறது. சுவரோடு சுவராக, ஒரே தூரத்தை விடாமல், பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து எடுப்பது ஒன்றுதான் வழி. டிரைபும் கேமராவை அப்படித்தான் நகர்த்தியிருக்கிறார். ட்ரைபாட் வைக்கத் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும், எங்களிடம் இல்லை. ஆகவே பொறியாளர் கயிறு பிடித்துத் தூரம் காட்ட, பையன்கள் கையிலேயே எடுத்து, பிறகு கம்ப்யூட்டரில் ஒட்டினார்கள். கோயிலுக்கு எத்தனையோ முறை போனவர்கள் அன்றைக்குத்தான் அந்தச் சுவரை எழுத்து எழுத்தாகப் பார்த்தார்கள்.

குழுவுக்குள் இன்னொரு கட்சியும் உண்டு. அது சலோன் கட்சி. பல் டாக்டர் அதன் தலைவர். 1950இல் உருவான ஃபியாப் என்ற சர்வதேசக் கூட்டமைப்பின் ஆதரவில் உலகம் முழுக்கப் போட்டிகள் நடக்கின்றன. கருப்புவெள்ளை, வண்ணம், இயற்கை, பயணம் என்று பிரிவுகள். தேர்வானால் அதற்கு அக்செப்டன்ஸ் என்று பெயர். அவற்றைச் சேர்த்துக்கொண்டே போனால் பெயருக்குப் பின்னால் பட்டம் போட்டுக்கொள்ளலாம். இதில் தப்பு ஒன்றும் இல்லை. இயற்கைப் பிரிவில் எதையும் ஒட்டவோ நீக்கவோ கூடாது என்ற கண்டிப்பு பையன்களுக்கு நல்ல பாடம். தஞ்சாவூரைப் பெயரிலேயே சுமந்த டி.என்.ஏ. பெருமாள், பெங்களூருவில் இருந்துகொண்டு காட்டுயிர்ப் படங்களில் உலகப் பெயர் வாங்கியதும், பெரிய சீடர் கூட்டத்தை உருவாக்கியதும் இந்த உலகத்தில்தான்.

என் குறை வேறு. ஒரு சலோனுக்கு ஆயிரக்கணக்கில் படம் வருகிறது. நடுவர்கள் ஒவ்வொன்றையும் சில நொடிகள் பார்த்து மதிப்பெண் போட்டாக வேண்டும். அவர்களுக்கும் வேறு வழியில்லை. சில நொடிகளில் கண்ணைப் பிடிக்கிற படம்தான் கரையேறும். அதனால் எல்லோரும் ஒரே இடத்தில் போய் நிற்கிறார்கள்: மயானக் கொள்ளையில் அங்காளம்மன் வேடம், குலசை தசராவில் காளி வேடம், வாரணாசிப் படித்துறையில் புகையும் சாமியாரும், காசிமேட்டில் விடியற்காலை வலை. செருப்பு வரிசைப் படத்தை அனுப்பியிருந்தால் அண்ணன் எழுந்து சுவருக்குப் போன நேரத்துக்குள் இருபது படம் ஓடியிருக்கும்.

கேமராவைப் பற்றியும் ஒரு வார்த்தை. புதிதாக வருகிறவர் முதலில் கேட்பது எந்த பாடி, எந்த லென்ஸ் என்றுதான். அவர்களுக்கு மா. கிருஷ்ணனைச் சொல்கிறோம். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். வெவ்வேறு கேமராக்களின் பாகங்களை இணைத்துத் தானே உருவாக்கிக்கொண்ட கருவியால், யானையையும் காட்டெருமையையும் கருப்புவெள்ளையில் எடுத்தவர். பத்மஸ்ரீ அவரைத் தேடி வந்தது. கருவியைப் பற்றிய பேச்சு அத்தோடு அடங்கிவிடும், குறைந்தபட்சம் அன்றைக்கு.

வழக்கப்படி ஜூன் 12இல் மேட்டூர் திறந்து, தண்ணீர் கல்லணையைத் தாண்டி வாய்க்கால்களில் பிரிந்த பிறகு, குறுவை நடவு எடுக்கப் போவோம். வயலுக்கு நாலு பேருக்கு மேல் இறங்குவதில்லை. குனிந்து வேலை செய்கிற பெண்களைச் சுற்றி இருபது கேமரா நிற்பது பார்க்கச் சகிக்காது. போன முறை ஒரு பாலிடெக்னிக் பையன், திருவையாறு பக்கத்தில் ஒரு அம்மாவை எடுத்திருந்தான். நிமிர்ந்து நிற்கிறார். வலது கையில் நாற்று முடி, அதிலிருந்து சொட்டும் தண்ணீர், பின்னாலிருந்து காலை வெயில். கூட்டத்தில் அன்றைக்கு அந்தப் படத்துக்குத்தான் மதிப்பு. ஒளியைப் புகழ்ந்தோம், சொட்டுகளைப் புகழ்ந்தோம், இடது பக்கம் விட்டிருந்த வெற்றிடத்தைக்கூடப் புகழ்ந்தோம். சலோனுக்கு அனுப்பச் சொன்னார் டாக்டர். அதற்கு முன் அந்த அம்மாவுக்கு ஒரு ப்ரிண்ட் கொடுத்துவிட்டு வா என்றார் ஆசிரியை.

பையன் லேபில் பெரிதாக ப்ரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு போனான். அந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்திருக்கிறார். "நல்லாத்தான் தம்பி இருக்கேன். ஆனா முடிய வலது கையில புடிச்சா எந்தக் கையால நடுறது? நீ சொன்னியேன்னு புடிச்சேன்."

எங்களில் பாதிப்பேர் நிலம் உள்ள வீட்டில் பிறந்தவர்கள். பத்து நிமிடம் பேசியும் ஒருவர் கண்ணிலும் படவில்லை. நடுகிறவர்கள் முடியை இடது கையில் வைத்துக்கொண்டு வலது கையால்தான் பிரித்து ஊன்றுவார்கள் என்பது எங்களுக்குத் தெரியாத விஷயமா? ஒளியைப் பார்த்தோம், கையைப் பார்க்கவில்லை. அந்த மாடியில் நாங்கள் நாற்காலி போடாத ஒரு விமர்சகர் இருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஆகவே விதி இப்போது இரண்டாகியிருக்கிறது. ஆள் இருக்கும் படம் எதுவானாலும், போட்டிக்குப் போவதற்கு முன் அந்த ஆளிடம் போக வேண்டும். அவர் சொன்னதைக் கேட்டுவந்து கூட்டத்தில் சொல்ல வேண்டும். டாக்டர் இதை ஏற்கவில்லை. "வாரணாசியில எடுத்த சாமியாரை நான் எங்க போய்த் தேடுறது?" என்கிறார். நியாயமான கேள்விதான். தேடிப்போக முடியாத இடத்தில் ஆளை எடுப்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. பையன்கள் இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கிறார்கள். அடுத்த இரண்டாவது ஞாயிறு இதற்கென்று முக்கால் மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம். அன்றைக்கு மட்டும் எல்லோரும் பேசலாம்.