மலிவுத் துப்பாக்கி: வைத்திருப்பவருக்கும் வீட்டாருக்கும்தான் முதல் ஆபத்து

2024 ஜூலை 5 அன்று பெரம்பூரில் பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் வெட்டிக் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் கைதான திருவேங்கடம், ஜூலை 14 அதிகாலை மாதவரம் பகுதியில் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆயுதங்களைப் பறிமுதல் செய்ய அழைத்துச் சென்றபோது, மறைத்து வைத்திருந்த துப்பாக்கியை எடுத்துச் சுட்டதால் தற்காப்புக்காகத் திருப்பிச் சுட்டோம் என்றது காவல்துறை. மாத்தூர், மணலி மக்களுக்கு இது பக்கத்து ஊர்ச் செய்தி.

அடுத்து செப்டம்பர் 18 அன்று வியாசர்பாடியில் காக்காதோப்பு பாலாஜி, செப்டம்பர் 23 அன்று தென்சென்னையில் சீசிங் ராஜா. மூன்றே மாதத்தில் மூன்று மரணங்கள். மூன்றிலும் காவல்துறை சொன்ன காரணம் ஒன்றுதான்: அவர் முதலில் சுட்டார், நாங்கள் திருப்பிச் சுட்டோம். மூன்றிலும் காவலர் தரப்பில் உயிரிழப்பு இல்லை.

வடசென்னையின் குற்றச் செய்திகளில் இதுவரை அரிவாளும் கத்தியும் நாட்டு வெடிகுண்டும்தான் அதிகம் அடிபட்டன. இப்போது கைத்துப்பாக்கியும் அடிக்கடி வருகிறது. அது எப்படிப்பட்ட துப்பாக்கி, எந்த அளவுக்கு நம்பத்தக்கது, அது கையில் இருப்பதன் விலை என்ன என்பதைப் பிள்ளைகளை வளர்க்கும் ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துகொள்ள வேண்டும்.

கள்ளத் துப்பாக்கியின் தரம்

வடமாநிலங்களில் 'கட்டா' என்றும் இங்கே நாட்டுத் துப்பாக்கி என்றும் சொல்லப்படும் இவற்றுக்குப் பெயர் போன ஊர் பீகாரின் முங்கேர். வங்காள நவாப் மீர் காசிம் 1760களில் தலைநகரை அங்கே மாற்றி ஆயுதப் பட்டறை அமைத்தது முதல் அந்த ஊருக்கு இந்தத் தொழில் பழக்கம். உரிமம் பெற்ற துப்பாக்கித் தொழிற்கூடங்கள் அங்கே உண்டு. அவற்றில் வேலை குறையக் குறைய, கைத்திறன் கள்ளச் சந்தைக்குப் போனது.

திறன் இருந்தாலும் பொருள் நம்பத்தக்கதாக இருப்பதில்லை. தோட்டா வெடிக்கும்போது குழலுக்குள் உண்டாகும் அழுத்தம் மிக அதிகம். அதைத் தாங்கத் தனி வகை எஃகு வேண்டும். ஒவ்வொரு துப்பாக்கியையும் வழக்கத்தைவிட வலுவான தோட்டாவால் சுட்டுச் சோதித்து முத்திரை குத்திய பிறகே விற்பனைக்கு அனுப்புவது உலக வழக்கம். கள்ளத் துப்பாக்கிக்கு அந்த எஃகும் இல்லை, சோதனையும் இல்லை. தோட்டா குழலில் சரியாகப் பொருந்தாவிட்டால் நெருப்பும் வாயுவும் பின்பக்கம் பீறிட்டுச் சுடுபவரின் முகத்திலேயே அடிக்கும். குழல் வெடித்தால் விரல்கள் போகும். பல துப்பாக்கிகளில் பாதுகாப்புப் பூட்டே கிடையாது. இடுப்பில் செருகியிருக்கும்போதோ கீழே விழும்போதோ தானாக வெடிக்கலாம். குழலுக்குள் புரிவரி இல்லாததால் குண்டு நேராகப் போகும் என்ற உறுதியும் இல்லை. குறிவைத்தவரை விட்டுவிட்டு, திண்ணையில் உட்கார்ந்திருப்பவரையோ தெருவில் விளையாடும் குழந்தையையோ அது தாக்கலாம்.

உரிமத்தோடு விற்கும் மலிவும் அப்படித்தான்

சட்டப்படி தொழிற்சாலையில் தயாரானால் மட்டும் மலிவுத் துப்பாக்கி நல்லதாகிவிடுமா? துப்பாக்கி கடைச்சரக்காக விற்கும் அமெரிக்காவின் அனுபவம் வேறு கதை சொல்கிறது. கலிபோர்னியாவில் 1970 முதல் சில நிறுவனங்கள் எஃகுக்குப் பதில் துத்தநாகக் கலவையை வார்த்து, சிறிய கைத்துப்பாக்கிகளைக் குறைந்த விலையில் விற்றன.

1994ல் அவற்றில் ஒன்றான பிரைக்கோ நிறுவனத்தின் துப்பாக்கியிலிருந்து தோட்டாவை எடுத்துவிடக் குடும்ப நண்பர் ஒருவர் முயன்றார். தோட்டாவை வெளியே எடுக்க வேண்டுமானால் பாதுகாப்புப் பூட்டைத் திறந்தாக வேண்டும் என்ற அமைப்பு அதில் இருந்தது. பூட்டைத் திறந்ததும் அது வெடித்து, எதிரே இருந்த 7 வயதுச் சிறுவனைத் தாக்கியது. கழுத்துக்குக் கீழே அவன் உடல் செயலிழந்தது. தோட்டா சிக்கிக்கொள்ளும் குறையை மறைக்கவே நிறுவனம் இப்படி வடிவமைத்தது என்று வழக்கில் வாதிடப்பட்டது. 2003ல் நிறுவனத் தரப்பு சுமார் 2.4 கோடி டாலர் தர வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. நிறுவனம் திவாலானது. 2004ல் அது ஏலத்துக்கு வந்தபோது, அதை வாங்கித் துப்பாக்கிகளை உருக்கிவிட அந்தச் சிறுவன் தரப்பு நிதி திரட்டிப் போட்டியிட்டது. ஆனால் நிறுவனத்தின் பழைய மேற்பார்வையாளர் ஒருவர் சுமார் 5 லட்சம் டாலருக்கு அதை எடுத்துக்கொண்டார். வேறு பெயரில் தயாரிப்பு தொடர்ந்தது.

பிரேசிலின் டாரஸ் நிறுவனமும் குறைந்த விலைக் கைத்துப்பாக்கிகளுக்குப் பேர்போனது. அதன் 9 மாடல்கள் கீழே விழுந்தால் வெடிக்கின்றன என்று அமெரிக்காவில் வழக்குப் போடப்பட்டது. தவறை ஒப்புக்கொள்ளாமலேயே, ஏறத்தாழ 10 லட்சம் துப்பாக்கிகள் தொடர்பாக 2015ல் அது சமரசத்துக்கு வந்தது. அதே டாரஸ் இன்று ஜிண்டால் குழுமத்துடன் கூட்டுச் சேர்ந்து அரியானாவின் ஹிசாரில் தொழிற்சாலை அமைத்துள்ளது.

பொம்மைக்கும் மிக்சிக்கும் தரம் பார்த்துத் திரும்பப் பெற வைக்கும் அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்குத் துப்பாக்கி மேல் அதிகாரம் கிடையாது. 1972 சட்டத்திலேயே அதற்கு விலக்கு கொடுத்துவிட்டார்கள். கேட்க ஆளில்லாத சந்தையில் மலிவு என்பது, செலவை வாங்குபவரின் உயிர்மேல் ஏற்றுவதுதான்.

இந்தியாவில் விலை

நம் நாட்டில் உரிமத்தோடு வாங்கும் கைத்துப்பாக்கி ஏழைக்கு எட்டாது. டெல்லி நிர்பயா கொடூரத்துக்குப் பிறகு, பெண்களின் பாதுகாப்புக்கு என்று 2014 ஜனவரியில் கான்பூர் அரசுத் தொழிற்சாலை 'நிர்பீக்' என்ற ரிவால்வரை வெளியிட்டது. எடை சுமார் 500 கிராம், விலை சுமார் 1.22 லட்சம் ரூபாய். அந்தப் பணம் எந்தக் கூலித் தொழிலாளியின் மகளிடம் இருக்கும் என்ற கேள்வி அப்போதே எழுந்தது. விலை எட்டாத இடத்தில்தான் கள்ளச் சந்தை கடை விரிக்கிறது. ஆனால் அங்கே வாங்குபவர் துப்பாக்கியோடு ஒரு வழக்கையும் சேர்த்தே வாங்குகிறார்.

சட்டம் என்ன சொல்கிறது?

1959ம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 2019ல் கடுமையாக்கப்பட்டது. உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருந்தால் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. உரிமமின்றித் தயாரித்தாலோ விற்றாலோ குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள்.

"அது பழசு, வேலை செய்யாது" என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. பொம்மையாக மட்டுமே பயன்படக்கூடிய, சரிசெய்து சுட வைக்கவே முடியாத பொருளுக்கு மட்டும்தான் சட்டம் விலக்கு தருகிறது. துப்பாக்கியின் உதிரி பாகமும் ஆயுதமே.

குடும்பங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது 35வது பிரிவு. பலர் சேர்ந்து வாழும் வீட்டிலோ சேர்ந்து பயன்படுத்தும் வாகனத்திலோ கள்ளத் துப்பாக்கி கிடைத்தால், அது இருப்பது தெரிந்தவர் என்று கருத இடமுள்ள ஒவ்வொருவரும், மாறாக நிரூபிக்கப்படாதவரை, தாமே வைத்திருந்ததுபோல் குற்றத்துக்குப் பொறுப்பாவார். நண்பன் கொடுத்தான் என்று தம்பி பீரோவில் வைத்த பொட்டலம், அதைப் பார்த்தும் பேசாமல் இருந்த அண்ணனையும் வாப்பாவையும் கோர்ட்டுக்கு இழுக்கும்.

அதேபோல் பாதுகாப்பும் சட்டத்தில் இருக்கிறது. உரிமமின்றி வைத்திருந்த வழக்கைத் தொடர மாவட்ட நிர்வாக நடுவரின் முன் அனுமதி வேண்டும் என்கிறது 39வது பிரிவு. பொய்யாகச் சேர்க்கப்பட்டதாகக் கருதும் குடும்பங்கள், அனுமதி முறையாகப் பெறப்பட்டதா, தடயவியல் அறிக்கை இருக்கிறதா என்று வழக்கறிஞர் மூலம் முதலில் கேட்க வேண்டும்.

என்கவுன்டரும் நாட்டுத் துப்பாக்கியும்

துப்பாக்கியின் தரம் இன்னோரிடத்திலும் முக்கியமாகிறது. "அவர் சுட்டார்" என்று சொல்லும்போது, அந்தத் துப்பாக்கி உண்மையில் சுடக்கூடியதா, அதிலிருந்துதான் குண்டு வந்ததா, அவர் கையில் வெடிமருந்துத் துகள் இருந்ததா என்பவை ஆய்வகத்தில் பதில் தெரியும் கேள்விகள். 2014 செப்டம்பர் 23 அன்று பி.யு.சி.எல். வழக்கில் உச்ச நீதிமன்றம் 16 வழிகாட்டு நெறிகளைத் தந்தது. சி.ஐ.டி. அல்லது வேறு காவல் நிலையக் குழு விசாரிக்க வேண்டும், துப்பாக்கி, குண்டு, தோட்டா உறைகளைப் பாதுகாக்க வேண்டும், தேவையான இடத்தில் வெடிமருந்துத் துகள் சோதனை செய்ய வேண்டும், இரு மருத்துவர்கள் செய்யும் பிரேதப் பரிசோதனையை வீடியோ எடுக்க வேண்டும், நடுவர் விசாரணை நடக்க வேண்டும் என்பவை அவற்றில் சில. சீசிங் ராஜா கொல்லப்பட்டது அந்தத் தீர்ப்பு வந்து சரியாகப் பத்தாண்டு நிறைந்த நாள்.

இறந்தவர்கள் மீது கொடிய வழக்குகள் இருந்திருக்கலாம். தண்டிப்பது நீதிமன்றத்தின் வேலை. காவல்துறையின் கூற்று உண்மை என்றால், தடயவியல் அறிக்கைகளை வெளியிடுவது அதற்கே பலம். அந்தத் துப்பாக்கிகள் எங்கிருந்து, யார் மூலம் சென்னைக்கு வந்தன என்பதும் அந்த விசாரணையில்தான் தெரியவரும். சுட்டவர் இறந்துவிட்டார் என்று கோப்பை மூடினால், விற்றவர் அடுத்த வாடிக்கையாளரைத் தேடிப் போவார்.

அந்த வாடிக்கையாளர் நம் தெருப் பையனாக இருக்கக் கூடாது. ரீல்சில் துப்பாக்கியோடு நிற்பவனைப் பார்த்து மயங்கும் வயதில் இருக்கும் பிள்ளையிடம் இந்தக் கணக்கை எடுத்துச் சொல்லுங்கள்: எதிரியை நோக்கிச் சரியாகச் சுடாத பொருள், தன் கையிலேயே வெடிக்கக்கூடிய பொருள், தெரிந்தும் மறைத்தால் வீட்டாரையும் குற்றவாளியாக்கும் பொருள், தன்னைச் சுட்டுவிட்டு "அவன்தான் முதலில் சுட்டான்" என்று சொல்ல வழி கொடுக்கும் பொருள். மஹல்லாக்களில் போதை ஒழிப்புப் பற்றிப் பேசும் கூட்டங்களில், ஒரு வழக்கறிஞரை அழைத்து இதற்கும் அரை மணி நேரம் ஒதுக்கலாம்.